‘அந்த இடத்தில்’ புண் வந்தால்

அரசு மருத்துவமனை ஒன்றின் தோல், பால்வினை நோய்ப் பிரிவில் 11 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆள் வருவது நிற்கவில்லை. ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில், யாராவது பக்கத்தில் வந்து “சிஸ்டர், ஒரு விஷயம்...” என்று குரலைத் தாழ்த்துவார்கள். அடுத்த வரி எனக்கு மனப்பாடம். “அந்த இடத்துல ஒரு புண்ணு.” அதற்கும் அடுத்தது: “சூடுன்னு நெனச்சு இளநீர் குடிச்சேன்.”

இளநீரால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதைக் குடித்துக்கொண்டு மூன்று வாரம் காத்திருப்பதில்தான் கெடுதல். ஏனென்றால் அந்த மூன்று வாரத்தில் புண் ஆறிவிடும், இளநீருக்குப் பெயர் கிடைத்துவிடும், நோய் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் டாக்டர் இல்லை. மருந்து எழுதுவது அவர்கள் வேலை. வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எங்கே போக வேண்டும், போனால் என்ன நடக்கும், என்ன மருந்து எதற்குத் தருகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எதையும் பூசாதீர்கள்

மஞ்சள், வேப்பிலை அரைத்தது, தண்ணீர் கலக்காத டெட்டால், மெடிக்கலில் “அரிப்புக்கு” என்று தரும் டியூப் எல்லாம் பார்த்துவிட்டேன். டெட்டால் போட்டு வந்த ஒரு பையனுக்கு எது நோயின் புண், எது டெட்டால் சுட்ட புண் என்று டாக்டராலேயே பிரிக்க முடியவில்லை. அந்த டியூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பும் எரிச்சலும் அடங்கி, நல்லாகிவிட்டது போலத் தெரியும். கிருமி அடங்காது.

அதே மாதிரி, மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். அரைகுறை மருந்தில் புண்ணின் உருவம் மாறிப்போகும். சோதனையும் ஏமாற்றும்.

சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தித் துணி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வேட்டியோ பாவாடையோ இன்னும் நல்லது. முடியை மழிக்க வேண்டாம். பிளேடு போகும் இடமெல்லாம் கிருமியையும் இழுத்துக்கொண்டு போகும். புண் ஆறும்வரை உடலுறவு கூடாது. ஆணுறை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். விதைப்பை, தொடை இடுக்கு, பெண்ணுறுப்பின் வெளி உதடு எதையும் ஆணுறை மூடாது.

பிறகு நன்றாகப் பாருங்கள்

வெட்கப்படாமல், வெளிச்சத்தில். ஆண்கள் முன்தோலைப் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். புண் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான். பெண்கள் குந்தி உட்கார்ந்து கீழே ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் கருப்பை வாயில் இருக்கும் புண் கண்ணாடியில் தெரியாது. அதனால்தான் பெண்களுக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பல சமயம் ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடுகிறது. ஆசனவாயையும் வாய்க்குள்ளும் பாருங்கள். ஆசனவாயில் வந்த சிபிலிஸ் புண்ணுக்கு மாதக்கணக்கில் மூல நோய் மருந்து பூசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆணோடு ஆண் உறவு என்றால் அதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எல்லா டாக்டரும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் அந்த இடத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான்கு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றா, பலவா? வலிக்கிறதா? முதலில் கொப்புளமாக இருந்ததா, எடுத்த எடுப்பிலேயே புண்ணா? கடைசியாக உறவு வைத்த நாளிலிருந்து புண் தெரிந்த நாள்வரை எத்தனை நாள்? அப்புறம் தொடை இடுக்கை விரலால் அழுத்திப் பாருங்கள், கட்டி தட்டுப்படுகிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்று. இந்தத் தாள் கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வலிக்காத புண்

எனக்குப் பயம் இதைப் பார்த்தால்தான். ஒரே ஒரு புண். வட்டமாக, சுத்தமாக, அடிப்பக்கம் பித்தான் வைத்துத் தைத்தது போலக் கெட்டியாக இருக்கும். தொட்டால் வலிக்காது. தொடை இடுக்கில் ரப்பர் உருண்டை மாதிரி நெறி கட்டியிருக்கும், அதுவும் வலிக்காது. உறவுக்குப் பிறகு சுமார் 3 வாரத்தில் வரும். 9 நாளிலும் வரலாம், 90 நாள் கழித்தும் வரலாம். இதுதான் சிபிலிஸின் முதல் கட்டம். பெரியவர்கள் பறங்கிப்புண், கிரந்தி, மேகம் என்றெல்லாம் சொன்னவற்றில் இதுவும் சேர்த்தி. கடல் கடந்து வந்த பறங்கியர் தலையில் பழியைப் போட்டு ஒரு பெயர் வைத்துவிட்டோம்.

வலியில்லாததால் யாரும் வருவதில்லை. 3 முதல் 6 வாரத்தில் மருந்தே இல்லாமல் புண் மூடிக்கொள்ளும். லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருமுறை முகாம் போடும் வைத்தியர்கள் பிழைப்பதே இந்த 6 வாரத்தில்தான். எதைக் கொடுத்தாலும் குணமாகும். பணமும் போய், நம்பிக்கையும் வந்துவிடும்.

அதன் பிறகு சில வாரமோ சில மாதமோ கழித்து உடம்பில் தடிப்பு வரும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புநிறப் புள்ளிகள் வந்தால் எங்கள் டாக்டர் வேறு கேள்வி கேட்க மாட்டார், நேராக விடிஆர்எல் என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையை எழுதுவார். தலைமுடி பூச்சி அரித்தது போலத் திட்டுத்திட்டாகக் கொட்டும். பிறப்புறுப்பைச் சுற்றி ஈரமான தட்டை மருக்கள் வரும், அவற்றிலிருந்து நோய் வெகுவாகத் தொற்றும். இதுவும் தானாக அடங்கிவிடும். பிறகு பல வருடம் ஒன்றுமே தெரியாது. சிலருக்கு மட்டும் கடைசியில் இருதயத்திலும் ரத்தக்குழாயிலும் மூளையிலும் தலைகாட்டும். மூளை, கண், காது ஆகியவற்றை எந்தக் கட்டத்திலும் தொடலாம். புண் வந்த சில மாதத்தில் பார்வை மங்கினாலோ காது அடைத்தாலோ அதையும் சொல்லுங்கள்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போனவர்கள் எத்தனையோ பேர் அங்கேதான் முதன்முதலாகத் தங்களுக்கு சிபிலிஸ் என்று தெரிந்து எங்களிடம் வந்தார்கள். “எனக்கு எப்பவும் ஒண்ணும் வந்ததில்லையே சிஸ்டர்” என்பார்கள். மெல்லக் கேட்டால், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்னப் புண், வலிக்கக்கூட இல்லை, தானாகப் போய்விட்டது என்று வரும்.

வலிக்கும் புண்கள்

கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், சிவந்த தோலின் மேல். ஓரிரு நாளில் உடைந்து மேலோட்டமான புண்களாகும். எரிச்சல் தாங்காது. இது ஹெர்பீஸ். உறவுக்குப் பின் 2 முதல் 12 நாளில் பொதுவாக வரும். முதல் தடவை காய்ச்சல், உடம்பு வலி, இரண்டு இடுக்கிலும் வலிக்கும் நெறி எல்லாம் சேர்ந்து ஆளைப் படுக்க வைக்கும். ஆற 2 முதல் 4 வாரம் ஆகும்.

ஊரில் இதைப் பார்த்தால் அக்கி என்பார்கள். இடுப்பில் வந்தால் வேளாரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்ளலாம். இது வந்திருக்கும் இடத்தைக் காட்டவா முடியும்? அந்த மட்டில் நல்லது, எங்களிடம் வந்துவிடுவார்கள். அக்கி என்பது வேறு வைரஸ், சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போட்டது போல வரும், உடலுறவில் வருவதில்லை.

ஹெர்பீஸ் திரும்பத் திரும்ப வரும். வருவதற்கு முன் அதே இடத்தில் குறுகுறுப்போ ஊசி குத்தலோ இருக்கும். பின்னால் வருபவை சின்னதாக, சீக்கிரம் ஆறுபவையாக இருக்கும். கல்யாணமாகி 10 வருடம் கழித்து ஒருவருக்கு முதல் தடவையாக ஹெர்பீஸ் வெளியே தெரிந்தால், நேற்றுத் துரோகம் நடந்தது என்று அர்த்தமில்லை. வைரஸ் வருடக்கணக்கில் நரம்பு வேரில் தூங்கும். புண்ணே தெரியாத ஒருவரிடமிருந்தும் தொற்றும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்திய குடும்பச் சண்டைகளுக்குக் கணக்கில்லை.

பல புண், ஓரம் கிழிந்தாற்போல, அடி மெத்தென்று, தொட்டால் ரத்தம், கடும் வலி, ஒரு பக்க இடுக்கில் சீழ் வைத்த கட்டி என்றால் சாங்கிராய்டு. 1889இல் இத்தாலியில் டுக்ரே என்பவர் நோயாளியின் சீழை அவர் கையிலேயே குத்திக் குத்தி இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த நோயாளியை நினைத்தால் பாவமாக இருக்கும். இப்போது அபூர்வம்.

புண் வந்ததே தெரியாமல் போய், இடுக்கில் பெரிய கட்டி மட்டும் நின்றால் எல்ஜிவி என்று ஒரு வகை. அரையாப்பு என்று நம் ஊரில் சொல்வது இந்த மாதிரிக் கட்டிகளைத்தான். அதைப் பிளேடால் கீறி விடாதீர்கள். ஆறாமல் புரையோடும். சீழ் கட்டினால் நல்ல தோல் பக்கமாக ஊசி விட்டு டாக்டர் உறிஞ்சி எடுப்பார்.

இன்னொன்று டோனவனோசிஸ். வலிக்காது, ஆனால் சிபிலிஸ் மாதிரி அடக்கமாகவும் இருக்காது. பச்சை இறைச்சி போலச் சிவந்து, மெல்லப் பரவி, தொட்டாலே ரத்தம் கசியும். இதன் பெயர் நம்ம சென்னையிலிருந்து போனது. கல்கத்தாவில் பிறந்த சார்லஸ் டோனவன், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1905இல் இதன் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தார். அதே வருடம்தான் பெர்லினில் ஷாவுடினும் ஹோஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். டோனவனோசிஸை என் 11 வருடத்தில் இரண்டு பேரிடம்தான் பார்த்தேன்.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சிபிலிஸ் புண்ணில் வேறு கிருமி சேர்ந்தால் வலிக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு நோய் சேர்ந்தும் வரும். கண்ணால் பார்த்துச் சொல்வதில் அனுபவமுள்ள டாக்டர்களே தவறுவதுண்டு. அதனால்தான் எந்தப் புண்ணாக இருந்தாலும் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்துவிடுகிறோம்.

பால்வினை நோயே இல்லாத புண்ணும் உண்டு

இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் வீணாகத் தூக்கம் இழப்பார்கள்.

ஒரு பேக்கரிக்காரர் வந்தார். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை ஆணுறுப்பின் நுனியில் அதே இடத்தில் ஊதா நிற வட்டம், எரிச்சல், தோல் உரிதல், பின்னர் கறுப்புத் தழும்பு. மூன்று இடத்தில் ஹெர்பீஸ் என்று மருந்து கொடுத்திருந்தார்கள். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இது வர்றதுக்கு முந்தின நாள் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” வயிற்றுப்போக்கு வந்தால் மெடிக்கலில் வாங்கிப் போடும் டினிடசோல் கலந்த மாத்திரை. அதை நிறுத்தியதும் எல்லாம் நின்றது. குறிப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாமல், சாப்பிடும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வெடிக்கும் ஒவ்வாமை இது. கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், ஃப்ளூகோனசோல், வலி மாத்திரைகள் பலவும் இதைச் செய்யும். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் வருவதும், இடம் மாறாததும்தான் துப்பு. அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அவருக்கு நானே எழுதிக் கொடுத்தேன். மனைவியை அழைத்துவரச் சொல்லி டாக்டர் விளக்கினார்.

முன்தோலில் வெடிப்பு வெடிப்பாகப் புண்ணும் வெள்ளை மாவும் இருந்தால் முதலில் சர்க்கரை பாருங்கள். நீரிழிவு இப்படித்தான் வெளிப்பட்டது என்று சொல்பவர்கள் எங்கள் பிரிவில் தினமும் இருப்பார்கள். இரவில் அரிப்பு, உறுப்பில் முண்டு முண்டாகத் தடிப்பு, வீட்டில் எல்லோருக்கும் சொறிச்சல் என்றால் சிரங்கு. வாயிலும் கீழேயும் மாறி மாறிப் புண் வந்துகொண்டே இருந்தால் பெஷட் நோயாக இருக்கலாம், அதற்கு வேறு சிகிச்சை. காய்ச்சலோடு, நடுவில் குழி விழுந்த கெட்டிக் கொப்புளங்கள் என்றால் குரங்கம்மையையும் நினைக்க வேண்டும். இந்தியாவில் முதலாவதாக 2022 ஜூலையில் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கொடுத்தும் ஆறாத புண், வளர்ந்துகொண்டே போகும் புண், அதுவும் முன்தோல் பின்னால் வராத பெரியவர்களுக்கு என்றால், சதை எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

எங்கே போவது, என்ன சொல்வது

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ‘சுகவாழ்வு மையம்’ என்று ஓர் அறை இருக்கும். எச்.ஐ.வி. சோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’. இரண்டும் இலவசம். ஓபி சீட்டு வாங்கும் இடத்தில் கூட்டம் கேட்க நோயைச் சொல்ல வேண்டியதில்லை. “தோல் டாக்டரைப் பார்க்கணும்” என்றால் போதும். எதுவும் தெரியாவிட்டால் 1097க்குப் போன் போட்டு விசாரிக்கலாம். கட்டணம் இல்லை. எச்.ஐ.வி. சோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், முடிவை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

உள்ளே போனதும் தயங்காமல் நாள் கணக்குத் தாளைக் கொடுங்கள். பெனிசிலின் ஊசி எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், கர்ப்பமாக இருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகத்துக்குரிய உறவு 72 மணி நேரத்துக்குள் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன்.

ரத்தத்தில் விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் பார்ப்பார்கள். உறுதிசெய்ய டிபிஎச்ஏ. புண் வந்த முதல் ஓரிரு வாரத்தில் விடிஆர்எல் நெகட்டிவாகவே இருக்கலாம். “நெகட்டிவ், கிளம்பு” என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள். தனியார் லேபில் “ஹெர்பீஸ் ஐஜிஎம்” என்று பணம் கட்டி எடுத்துவந்து அழுபவர்கள் அதிகம். அந்தச் சோதனை நம்பத் தகுந்ததல்ல. கொப்புளம் புதிதாக இருக்கும்போது அதிலிருந்தே பஞ்சுக்குச்சியில் எடுத்துச் செய்யும் பிசிஆர்தான் சரி.

சோதனை முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைப்பதில்லை. திரும்பி வருவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில், பார்த்த அன்றே மருந்து கொடுப்பது அரசுத் திட்டத்தின் வழக்கம். என் காலத்தில் மருந்துப் பெட்டிகள் நிறம் நிறமாக இருந்தன. கொப்புளம் இல்லாத புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி: பென்சத்தின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஊசியும், அசித்ரோமைசின் 1 கிராம் மாத்திரையும். ஊசி சிபிலிஸுக்கு, மாத்திரை சாங்கிராய்டுக்கு. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு நீலப் பெட்டி: டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் 15 நாள், கூடவே அசித்ரோமைசின். ஹெர்பீஸுக்குச் சிவப்பு: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 7 நாள். இடுக்குக் கட்டிக்குக் கறுப்பு: டாக்சிசைக்ளின் 21 நாள், அசித்ரோமைசின் ஒருமுறை. டோனவனோசிஸுக்கு அசித்ரோமைசின் வாரம் 1 கிராம், குறைந்தது 3 வாரம், புண் முழுசாக மூடும்வரை.

அந்த வெள்ளைப் பெட்டி ஊசியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், என் கை பழகியது அதில்தான். பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பால் மாதிரி வரும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். மெதுவாக ஏற்றினால் பாதியில் நின்றுவிடும், வேகமாக ஏற்றினால் நோயாளி கத்துவார். முன்கையில் துளி மருந்து வைத்துப் பார்த்து, ஒவ்வாமை இல்லையென்றால், பாதி வலது புட்டத்தில், பாதி இடது புட்டத்தில். வலிக்கும், மறைக்க மாட்டேன். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். மருந்து ஒவ்வாமல் போனால் போட, தட்டில் அட்ரினலின் தயாராக இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாரையும் நான் விட்டதில்லை. ஊசியே போடத் தயங்கும் சின்னக் கிளினிக்குகளில் அசித்ரோமைசின் மட்டும் எழுதித் தருவார்கள். அதற்கு அடங்காத சிபிலிஸ் கிருமி உலகில் பல இடத்தில் இருக்கிறது. பெனிசிலினுக்கு 80 வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கிருமி பழகவில்லை. ஆதலால் வலிக்கு அஞ்சி மாத்திரை கேட்காதீர்கள்.

அன்று ராத்திரி குளிர் காய்ச்சல், தலைவலி, இருக்கிற தடிப்பு இன்னும் சிவப்பது எல்லாம் சிலருக்கு வரும். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது. பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் 24 மணி நேரத்தில் அடங்கும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ அது வேறு, உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நோய் வந்து ஒரு வருடத்துக்கு மேலானாலோ, எப்போது வந்தது என்றே தெரியாவிட்டாலோ, வாரம் ஒன்றாக மூன்று ஊசி. நடுவில் ஒன்றைத் தவறவிடாதீர்கள்.

ஹெர்பீஸுக்கு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உயிர் போகும். அப்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள், அல்லது வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தபடி போங்கள். சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டால் மருத்துவமனைக்கு வர வேண்டும். வைரஸை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. “நிரந்தரத் தீர்வு” என்று யார் விளம்பரம் போட்டாலும் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வந்தால், அசைக்ளோவிர் 400 தினம் இரண்டு வேளை என்று நீண்ட நாள் கொடுத்து வராமல் தடுக்க வழி இருக்கிறது. டாக்டரிடம் கேளுங்கள்.

துணையிடம் சொல்வது

இதுதான் ஊசியைவிட வலிக்கும். சிபிலிஸ் என்றால் கடந்த 90 நாளில் உறவு இருந்த துணைக்கு, சோதனை நெகட்டிவாக இருந்தாலும் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் குணமாகி ஒரு மாதத்தில் மறுபடி வாங்கிக்கொள்வீர்கள். “வேற ஏதோ சத்து ஊசின்னு சொல்லி அவளுக்குப் போட்டுடுங்க சிஸ்டர்” என்று கெஞ்சியவர்கள் நிறைய. நான் போட்டதில்லை. பெனிசிலினை என்ன ஊசி என்று சொல்லாமல் ஒருவர் உடம்பில் ஏற்றுவது கொலைக்குச் சமம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து வாருங்கள், ஆலோசகர் பேசுவார். சொல்லும்போது உங்களுக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று தொடங்குங்கள். யாரிடமிருந்து என்பது அப்புறம்.

மனைவி கர்ப்பமாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சிகிச்சை பெறாத சிபிலிஸில் கரு கலையும், குழந்தை இறந்து பிறக்கும், உயிரோடு பிறந்தாலும் நோயோடு பிறக்கும். கர்ப்பப் பதிவில் எடுக்கும் ரத்தத்தில் இதையும் பார்ப்பார்கள். கர்ப்பிணிக்குப் பெனிசிலின் மட்டுமே மருந்து, டாக்சிசைக்ளின் கூடாது. ஒவ்வாமை இருந்தால் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, சிறிது சிறிதாகப் பழக்கி, அதையேதான் கொடுப்பார்கள். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்னால் சிகிச்சை தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு. ஹெர்பீஸ் இருந்தவர்கள் பிரசவ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

புண் ஆறிய பிறகு

ஒரு வாரத்தில் காட்டுங்கள். எச்.ஐ.வி. முதலில் நெகட்டிவாக இருந்தாலும் 3 மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், திறந்த புண் வழியே அது சுலபமாக நுழையும். விடிஆர்எல் 3, 6, 12 மாதத்தில். அந்தச் சீட்டில் 1:32 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். 1:32இல் தொடங்கியது 1:8க்கோ அதற்கும் கீழேயோ வந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. 1:32 போய் 1:16 ஆனதைப் பார்த்துச் சந்தோஷப்படவோ, 1:4 போய் 1:8 ஆனதைப் பார்த்துப் பதறவோ வேண்டாம். ஒரு படி, அதாவது இரு மடங்கோ பாதியோ, ஏறி இறங்குவது கணக்கில் சேராது. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

டிபிஎச்ஏ மட்டும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும். குணமானவருக்கும்தான். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அதைப் பார்த்தால் மறுபடி மூன்று ஊசி எழுதுவார், கையில் பழைய சீட்டு இல்லையென்றால். ஊசி போட்ட தேதி, அளவு, விடிஆர்எல் எண்கள் எல்லாம் இருக்கும் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு லாரி டிரைவர் எட்டு வருடம் கழித்துக் கண் ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்ததில் சிக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். வண்டியின் ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைத் திறந்து, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த சீட்டை எடுத்தார். ஓரத்தில் என் கையெழுத்து. டாக்டர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம், போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.